ஒரு நாள் அவகாசம்

சொந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் குடியேறிய நாம், புறப்பட்ட அந்த ஒரு நாளை மறப்பதில்லை. பெட்டி படுக்கைகளைக் கட்டியதும், அடுப்பை அணைத்ததும், அண்டை வீட்டாரிடம் சாவியை ஒப்புவித்ததும் இன்றும் நம் நினைவில் நிற்கின்றன. ஆனால், அந்தப் பயணத்துக்கு எத்தனை நாள் ஆயத்தமானோம் என்று கேட்டால் வீட்டிலுள்ள அனைவரும் ஒரே விடை கூறமாட்டார்கள். உத்தியோக உத்தரவைக் கையில் பெற்ற கணவனுக்கு ஒரு கணக்கு. அவனோடு புறப்பட்டு வந்த மனைவிக்கு வேறொரு கணக்கு. இவ்வேற்றுமை எத்துணைப் பெரிதாகக் கூடும் என்பதை, 1793-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து வங்காளத்துக்குச் சமயப் பணிக்காகக் கப்பலேறிய ஓர் இளங் குடும்பத்தின் வரலாற்றில் காண்போம்.

அக்குடும்பத்தின் தலைவர் வில்லியம் கேரி. நார்த்தாம்ப்டன்ஷயரில் 1761-இல் பிறந்தவர். செருப்புத் தைத்துப் பிழைத்தவர். பின்னர்ப் பள்ளி ஆசிரியராகவும் பாப்டிஸ்ட் சபையின் போதகராகவும் விளங்கியவர். அவர் மனைவி டாரதி, கணவரினும் சில வயது மூத்தவர். 1781-இல் நடந்த திருமணத்தின்போது பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதிலாகக் குறியிட்டவர். பிறந்த சிற்றூரையும் சுற்றத்தையுமே உலகமாகக் கொண்டு வாழ்ந்தவர்.

கணவரின் ஆயத்தம் பல ஆண்டுகள் நடந்தது. காகிதத் தாள்களை ஒட்டி உலகப் படம் ஒன்று வரைந்து, தாம் வேலை செய்யும் இடத்துச் சுவரில் மாட்டி, ஒவ்வொரு நாட்டைப் பற்றியும் தாம் படித்தறிந்ததை அதில் குறித்து வந்தார். இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளைத் தாமே முயன்று கற்றார். 1792-இல் அவர் வெளியிட்ட சிறு நூலில், கடல் கடந்து செல்லும் ஊழியர்கள் பெரும்பாலும் மணமானவர்களாக இருப்பது நலம் என்றார். பசுக்களும் ஒரு காளையும், விதைகளும், மீன்பிடி கருவிகளும் எடுத்துச் செல்லலாம் என்றார். பெண்டிரும் பிள்ளைகளும் வீட்டு வேலைகளுக்குப் பயன்படுவர் என்பதும் அந்நூலில் உண்டு. அவர்கள் வர விரும்புவார்களா என்பது அங்கே ஒரு வினாவாக எழவில்லை.

அவ்வாண்டு அக்டோபர் 2-ஆம் நாள் கெட்டரிங் என்னும் ஊரில் ஒரு வீட்டில் சில போதகர்கள் கூடினர். மிஷன் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தனர். அன்று அவர்கள் தருவதாக ஒப்பிய தொகை 13 பவுன், 2 ஷில்லிங், 6 பென்ஸ். 1793 ஜனவரியில், முன்னரே வங்காளத்தில் இருந்து வந்த ஜான் தாமஸ் என்ற மருத்துவருடன் கேரியும் செல்வதென முடிவாயிற்று.

டாரதி மறுத்தார். அவர் கருவுற்றிருந்தார், மூன்று சிறுவர்கள் வீட்டில் இருந்தனர். பெண் மகவுகள் இரண்டைப் பறிகொடுத்த தாயும் ஆவார். பிப்ரவரியில் பிரான்சுடன் போர் மூண்டது, கடலும் அபாயமாயிற்று. ஆகவே மூத்த மகன் பீலிக்ஸை மட்டும் அழைத்துக்கொண்டு கேரி கப்பலேறினார். ஆனால், கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதிச் சீட்டு அவர்களிடம் இல்லை. கப்பல் ஆங்கிலக் கரையை விட்டு நீங்குமுன்பே அவர்கள் இறக்கிவிடப்பட்டனர். கேரியும் தாமஸும் ஊர் திரும்பியபோது டாரதியின் மடியில் பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை இருந்தது.

இரண்டாம் முறையும் அழைத்தனர். இரண்டாம் முறையும் அவர் மறுத்தார். வெளியே வந்த பின் தாமஸ் தனியாகத் திரும்பிச் சென்று, உடன் வராவிடில் குடும்பம் என்றென்றைக்கும் சிதறிவிடும், உயிருள்ளவரை வருந்த நேரும் என்று அச்சுறுத்திக் கூறினார். டாரதி இசைந்தார், தங்கை கேத்தரினும் உடன் வரவேண்டும் என்ற ஒரே நிபந்தனையுடன் இசைந்தார். ஒரு நாளைக்குள் வீடு காலி செய்யப்பட்டது. ஜூன் 13-ஆம் நாள் டோவரில் டென்மார்க் நாட்டுக் கப்பல் ஒன்றில் ஏறினர். கணவருக்குக் கிடைத்தவை பல ஆண்டுகள். மனைவிக்குக் கிடைத்தது ஒரு நாள்.

நவம்பரில் கல்கத்தா சேர்ந்தனர். கொண்டுவந்த பொருள் விரைவில் கரைந்தது. சில மாதங்களுக்குள் குடும்பம் இடம் மாறி மாறி அலைந்தது. 1794-இல் மதனாவதி என்னும் ஊரின் நீலத் தொழிற்சாலையில் கேரிக்கு வேலை கிடைத்தது. கேத்தரின் அங்கே செல்லவில்லை. கம்பெனி உத்தியோகஸ்தர் ஒருவரை மணந்து வேறிடத்தில் தங்கினார். டாரதி விதித்த ஒரே நிபந்தனை ஓராண்டுகூட நிலைக்கவில்லை. அவ்வாண்டிலேயே ஐந்து வயது மகன் பீட்டர் நோயுற்று இறந்தான். அதன் பின் டாரதியின் மனம் பேதலித்தது. 1807 டிசம்பரில் இறக்கும்வரை அது தெளியவில்லை.

கேரியின் பணி சிறிதன்று. 1801-இல் வங்காள மொழியில் புதிய ஏற்பாடு அச்சாயிற்று. 1818-இல் செராம்பூர்க் கல்லூரி தோன்றியது. ஹௌராவிலிருந்து ரயிலேறிச் சென்று நாம் அக்கல்லூரியைக் கங்கைக் கரையில் இன்றும் காணலாம். அந்தச் செராம்பூரும் நம் தரங்கம்பாடியும் அந்நாளில் டேனிஷ்காரர் வசம் இருந்தவை. 1845-இல் இரண்டும் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டன. ஆயினும் அப்பணிக்குச் செலுத்தப்பட்ட விலையை, கல்லூரியைக் காணும்போது நாம் மறக்கலாகாது. அடுத்த அறையில் மனைவி அலறிக்கொண்டிருந்த நாள்களிலும் கேரி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். அவர் கல்நெஞ்சர் அல்லர். மனைவியைக் கைவிட்டவரும் அல்லர். அவருடைய ஆயத்தம் ஒருவருக்கு மட்டும் உரிய ஆயத்தமாக இருந்தது என்பதே குறை.

1800-இல் செராம்பூரில் மார்ஷ்மன், வார்டு ஆகியோருடன் கேரி சேர்ந்தபோது குடும்பங்கள் ஒன்றாக உண்டு, ஒரே பொது நிதியில் வாழ்ந்தன. ஹன்னா மார்ஷ்மன் பலருக்கும் தாய்போல் இருந்தார். அத்தகைய கூட்டு வாழ்வு டாரதி வந்திறங்கிய நாளிலேயே அமைந்திருந்தால் அவர் துயரம் ஓரளவேனும் குறைந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது.

நேயர்களே, சமயப் பணிக்குச் செல்வோர்க்கு மட்டும் உரிய பாடம் அன்று இது. நம்மில் பலர் மாற்றல் உத்தரவுடன் ரயிலேறினோம். மொழி தெரியாத கடைத்தெருவில் காய்கறி வாங்க முதலில் சென்றவர் நம் வீட்டுப் பெண்தான். அவருக்கு நாம் எத்தனை நாள் அவகாசம் கொடுத்தோம்? அவர் இட்ட நிபந்தனை எது? அது காக்கப்பட்டதா? அடுத்த மாற்றல் உத்தரவு வருமுன் இவ்வினாக்களை வீட்டில் ஒருமுறை கேட்போம். விடையைப் பொறுமையுடன் இருந்து கேட்போம்.