மடை திறந்தவர் எங்கே?

பெங்களூர் மெட்ரோவின் மஞ்சள் தடம் ஓசூர் சாலையை ஒட்டி ஓடி, பொம்மசந்திராவில் முடிகிறது. 2025 ஆகஸ்டு 10 அன்று திறந்த தடம். இறங்கினால் தொழிற்பேட்டை, மருந்து ஆலைகள், பெரிய மருத்துவமனை. ஷிப்ட் முடிந்து வரும் கூட்டத்தில் கன்னடத்தோடு தமிழும் காதில் விழும்.

ஊர்ப் பெயரின் வாலில் உள்ள 'சந்திரா' நிலா அல்ல. சமுத்திரம் என்ற சொல் பேச்சில் தேய்ந்தது என்பார்கள். நம் அம்பாசமுத்திரத்தில் இருக்கும் அதே சமுத்திரம்தான். ஏரியைக் கடல் என்று பெருமை பேசிய காலத்துப் பெயர்.

அந்தக் காலத்து ஏரிகளுக்கு ஓர் ஆள் இருந்தார். கன்னடத்தில் நீருகண்டி, நம் பக்கம் நீர்க்கட்டி. எந்த வயலுக்கு எப்போது, எவ்வளவு என்று முறைவைத்து மடை திறப்பவர். கூலி, அறுவடையில் ஒரு பங்கு தானியம். மேல் ஏரி நிரம்பினால், உபரி நீர் ராஜகாலுவே என்னும் பெரிய வாய்க்கால் வழியாகக் கீழ் ஏரிக்குப் போய்ச் சேரும்.

ஏரி ஆக்கிரமிப்பு என்றதும் இராத்திரியில் மண் கொட்டி வேலி போடுகிறவன்தான் நினைவுக்கு வருகிறான். அவன் வருவது கடைசியில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் ஹெசரகட்டா நீர்த்தேக்கத் தண்ணீர், 1974-இல் காவிரி என்று குழாய்த் தண்ணீர் நகருக்கு வந்தது. ஏரியின் தேவை குறைந்தது. ஏரிகள் அரசுத் துறைகளின் ஏடுகளுக்குள் போயின. நீருகண்டியின் சொல்லுக்கு மதிப்பு போயிற்று. ஏரிக்கு ஆள் இல்லை என்று ஆன பிறகே ஏரிக்குள் ஆள் வந்தான்.

அவன் எப்போதும் தனியாளும் அல்ல. தர்மாம்புதி ஏரி இன்று மெஜஸ்டிக் பேருந்து நிலையம். சம்பங்கி ஏரி கண்டீரவா மைதானம் ஆயிற்று. அந்த ஏரி நீரில் தோட்டம் போட்டவர்கள் தமிழ் வேர் கொண்ட திகளர்கள். அவர்களுடைய கரகத் திருவிழாவின் சடங்குக்கு, ஏரியில் மிஞ்சியிருப்பது ஒரு சிறு குளம். கே.பி.கோளிவாட் தலைமையில் ஏரிகளை ஆராய்ந்த சட்டமன்றக் குழு, பெங்களூர் நகர, ஊரக மாவட்டங்களில் 10,000 ஏக்கருக்கு மேல் பறிபோயிருப்பதாக 2017-இல் கணக்குச் சொன்னது. பறித்தவர்கள் பட்டியலில் அரசு அமைப்புகளும் இருந்தன.

2022 செப்டம்பர் மழையில் பெல்லந்தூர்ப் பக்கம் சொகுசு வீட்டுக்காரர்கள் டிராக்டரில் ஏறி வெளியேறினார்கள். காலுவேயை அடைத்துவிட்டால் தண்ணீர் வேறு எங்கே போகும்?

சட்டம் இல்லாமல் இல்லை. ஊர்ப் பொதுநிலத்தை மீட்டு ஊருக்கே தரும்படி உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் மீட்ட ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. உங்கள் ஊர் ஏரியின் மடை எங்கே இருக்கிறது, அதைத் திறப்பவர் யார் என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். பெயர் சொல்ல ஒருவரும் இல்லையென்றால், அந்த ஏரி பறிபோகத் தொடங்கிவிட்டது.