வாசலைக் கடந்தவர்



நூலொன்றைக் கையில் எடுப்போர் ஆசிரியர் பெயரைக் காண்கின்றனர். பதிப்பகத்தின் பெயரையும் காண்கின்றனர். எழுத்தை வார்த்தவர் யார், பக்கத்தை அமைத்தவர் யார் என்று வினவுவோர் அரியர். பதிப்புத்துறையில் இரு சாரார் உள்ளனர். நூல் எவ்வாறு அமைய வேண்டும் என்று பதிப்பகத்தின் உள்ளிருந்து முடிவு செய்வோர் ஒரு சாரார். அம்முடிவை நிறைவேற்றுதற்கு வேண்டிய எழுத்தையும் கருவியையும் உழைப்பையும் வெளியிலிருந்து வழங்குவோர் மற்றொரு சாரார். முன்னவர் பின்னவராக மாறுவதைப் பலரும் ஒரு படி இறங்குவதாகவே கருதுகின்றனர். இக்கருத்து பொருந்துமா என்பதை ஸ்டான்லி மாரிசன் என்னும் ஆங்கிலேயரின் வாழ்வைக் கொண்டு ஆராய்வது இவ்வுரையின் நோக்கமாகும்.

1889-இல் பிறந்த மாரிசன் பதினான்கு வயதிலேயே பள்ளியை விட்டு நீங்கியவர். வங்கி எழுத்தராக இருந்தபோது, 1912-இல் 'தி டைம்ஸ்' நாளிதழ் அச்சுக்கலை குறித்து வெளியிட்ட சிறப்பிணைப்பு ஒன்று அவர் கண்ணில் பட்டது. அவருடைய வாழ்வின் திசையை அது மாற்றியது. 1913-இல் 'இம்பிரிண்ட்' என்னும் அச்சுக்கலை இதழில் சேர்ந்தார். அடுத்துப் பர்ன்ஸ் அண்டு ஓட்ஸ் என்னும் பதிப்பகத்தில் பணியாற்றினார். முதல் உலகப் போரில் படையில் சேர மனச்சான்று இடந்தராமையால் சிறை சென்றார். போருக்குப் பின் பெலிக்கன் அச்சகத்திலும் குளோய்ஸ்டர் அச்சகத்திலும் வடிவமைப்புப் பொறுப்பை ஏற்றார்.

இவ்வாண்டுகளில் அவருடைய பணி, கையில் உள்ள நூலுக்கு ஏற்ற எழுத்தைத் தேர்வதும் ஓரங்களையும் வரியிடைவெளியையும் அளந்து வகுப்பதுமாகும். ஆயின் தேர்வுக்கும் ஓர் எல்லை உண்டு. அச்சகத்தில் என்ன எழுத்து இருக்கின்றதோ அதனைக்கொண்டே நூல் அமைய வேண்டும். அக்காலத்தில் பரவிவந்த மோனோடைப் இயந்திரம் இரு பகுதிகளை உடையது. ஒன்றில் விசைகளைத் தட்டினால் தாள்நாடாவில் துளைகள் விழும். மற்றொன்று அத்துளைகளின் வழி நடந்து, எழுத்துகளை ஒவ்வொன்றாக வார்த்து வரிசைப்படுத்தும். அவ்வியந்திரத்துக்கான வார்ப்பச்சை நிறுவனம் செய்து கொடுத்தாலன்றி எந்தப் பதிப்பகமும் அவ்வெழுத்தைப் பயன்படுத்த இயலாது. பழைய அச்சாளரின் அழகிய எழுத்துகளுள் பல இயந்திரத்திற்கு இன்னும் வந்துசேரவில்லை. பதிப்பகத்துள் இருந்து எத்துணை விரும்பினும் இக்குறை தீராது என்பது தெளிவு. 1923-இல் மாரிசன் மோனோடைப் நிறுவனத்தின் அச்செழுத்து அறிவுரையாளரானார். வாங்குவோர் பக்கத்திலிருந்து வழங்குவோர் பக்கத்திற்கு வாசலைக் கடந்தார்.

கடந்தபின் அவர் இழந்தது யாது? ஆணையிடும் உரிமையை இழந்தார். சரே மாவட்டத்துச் சால்ஃபர்ட்ஸ் என்னும் ஊரில் இருந்த தொழிற்சாலையின் மேலாளர் ஃபிராங்க் பியர்பாண்ட் பொறியியலில் வல்லவர். வெளியிலிருந்து வந்த அறிவுரையாளரை அவர் எளிதில் நம்பவில்லை. பதிப்பகத்தில் ஒரு சொல்லால் முடிந்த செயலுக்கு இங்கே விளக்கமும் பொறுமையும் வேண்டியிருந்தன.

பெற்றது யாது? பதிப்பகத்தில் அவர் எடுத்த முடிவு அந்த ஒரு நூலோடு முடிந்தது. இங்கே உருவாகும் ஓர் எழுத்து, அவர் காணாத நூல்களுக்கும், அவர் பெயரே அறியாத அச்சகங்களுக்கும் சென்றது. எரிக் கில் வரைந்த 'கில் சான்ஸ்' 1928-இலும், பழைய வெனிஸ் நகர் அச்செழுத்தைத் தழுவிய 'பெம்போ' 1929-இலும் வெளிவந்தன. இன்றும் நூல்களில் இவற்றைக் காணலாம்.

1929-இல், 'தி டைம்ஸ்' நாளிதழின் அச்சமைப்பு குறையுடையது என்று மாரிசன் வெளிப்படையாகவே கூறினார். இளமையில் தம்மை அச்சுக்கலைக்கு ஈர்த்த அதே இதழையே அவர் குறை கண்டார் என்பது நோக்கத்தக்கது. இதழ் சினங்கொள்ளாமல் அவரையே அறிவுரையாளராக அமர்த்திக்கொண்டது. 1932 அக்டோபர் 3 அன்று புதிய எழுத்தில் இதழ் வெளிவந்தது. ஓராண்டுக்காலம் அவ்வெழுத்து அவ்விதழுக்கே உரியதாக இருந்தது. பின்னர் அனைவர்க்கும் விற்கப்பட்டது. 'டைம்ஸ் நியூ ரோமன்' என்னும் அப்பெயர் கணிப்பொறியின் வழியே உலகெங்கும் பரவியது. இதழோ 1972-இல் வேறெழுத்துக்கு மாறிவிட்டது.

இவ்வரலாற்றில் மறைந்து நிற்கும் ஒருவரையும் நினைத்தல் வேண்டும். மாரிசனின் வழிகாட்டலில் அவ்வெழுத்தைத் தம் கையால் வரைந்தவர் விக்டர் லார்டன்ட். அவர் அந்நாளிதழின் விளம்பரப் பிரிவில் பணியாற்றிய வரைவாளர். உள்ளே இருந்தவரின் கை மறக்கப்பட்டது. வெளியிலிருந்து வந்தவரின் பெயர் நின்றது. ஆகவே பெயர் மறைவது வழங்குவோர்க்கு மட்டும் உரிய விதியன்று. எப்பக்கம் இருப்பினும், பணியைச் செய்தவரின் பெயரைச் சொல்லும் கடமை உடனிருப்போர்க்கு உண்டு.

மற்றொரு வினாவும் எழுகின்றது. 1925 முதல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகத்திற்கும் மாரிசன் அறிவுரையாளராக விளங்கினார். 1927-இல் தோன்றிய கொலான்ஸ் பதிப்பகத்தின் இயக்குநருள் ஒருவராகி, அதன் புகழ்பெற்ற மஞ்சள் நிற மேலுறைகளை வகுத்தார். எழுத்தை விற்கும் நிறுவனத்திற்கும் அதனை வாங்கும் நிறுவனங்களுக்கும் ஒருவரே அறிவுரை கூறலாமா? இவ்வினாவை எளிதில் தள்ளிவிட முடியாது. இரு பக்கத்தையும் அறிந்தவரின் அறிவு பெரிது. அவருக்கு வரும் சோதனையும் பெரிது. வாங்குவோர் அறியாத விலையும் விற்போர் அறியாத தேவையும் அவர் ஒருவர் நெஞ்சில் கூடியிருக்கின்றன. அவற்றை எவருடைய நலனுக்குப் பயன்படுத்துகிறார் என்பதே அவருடைய நேர்மையை அளக்கும் கோல்.

இச்செய்தி நமக்குத் தொலைவானதன்று. சென்னையிலும் புதுச்சேரியிலும் மேலைநாட்டுப் பதிப்பகங்களுக்காக நூல்களைச் செப்பனிட்டுப் பக்கமாக்கித் தரும் நிறுவனங்கள் பல உள்ளன. பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்திப் பழகியோர் அங்கே செல்லும்போது, நேற்றுவரை தாம் குறித்த நாளுக்குள் பணியைக் கேட்டவர்கள், இன்று பிறர் குறித்த நாளுக்குள் முடித்துத் தர வேண்டியவராகின்றனர். பக்கத்திற்கு இவ்வளவு எனக் கூலி அளக்கப்படுகின்றது. ஒரு பிழையைக் கண்டும் திருத்த உரிமையின்றிக் கேள்வியாக எழுதி அனுப்பிவிட்டு விடைக்குக் காத்திருக்கின்றனர். இது சிறுமையாகத் தோன்றலாம். ஆயினும் அக்கேள்வியை எழுதுவோர் இல்லையெனில் அப்பிழை அச்சேறும். ஆசிரியரின் பெயரோடு நிலைத்தும் விடும்.

மாரிசன் 1967-இல் மறைந்தார். வாசலைக் கடந்தமையால் அவர் தாழவில்லை. நூலின்மீது அவர் கொண்ட பற்றும் குறையவில்லை. இருக்கை மாறினும் பற்று மாறாதிருத்தல் வேண்டும் என்பதே அவர் வாழ்வு நமக்கு உணர்த்துவது. இவ்விழா மலர் உங்கள் கைக்கு வரும்போது, அதன் ஆசிரியர்களை நினைப்பதோடு, எழுத்துக் கோத்தவரையும் மெய்ப்புப் பார்த்தவரையும் ஒரு கணம் நினைத்தருள்க.