தட்டுவதா, ஊதுவதா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இங்கே விலங்கியல் முடித்துவிட்டு, பிறகு இயன்முறை மருத்துவம் பயின்று, விழுப்புரத்தில் நோயாளிகளைப் பார்த்து வருகிறேன். "உங்க தொழிலைப் பத்தி ஏதாவது பேசுங்களேன்" என்றார் செயலாளர். சளியைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்! விருந்துக்கு முன்னால் பேசுகிற விஷயமா இது? ஆனால் விடியற்காலையில் லொக்கு லொக்கென்று இருமும் ஒரு பெரியவர் உங்களில் பலர் வீட்டில் இருப்பார். அவருக்காகத்தான் இந்தப் பேச்சு.

என் வீட்டில் அப்படி இருமியவர் என் அப்பா. திண்டிவனத்தில் ஓர் அரிசி ஆலையில் நெல் அவிக்கும் அடுப்புக்கு உமி தள்ளும் வேலை. முப்பது வருட உமிப் புகை, போதாததற்குப் பீடி. வருடத்தில் 3 மாதமாவது சளியோடு இருமல், அதுவும் தொடர்ந்து 2 வருடம் இருந்து, வேறு காரணமும் இல்லையென்றால் அதை நாட்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி, அதாவது குரானிக் பிராங்கைட்டிஸ் என்கிறோம்.

மூச்சுக்குழாயின் உட்சுவரில் சிலியா என்னும் குறு இழைகள் உண்டு என்று இங்கேதான் படித்தோம். அவை ஓயாமல் அசைந்து சளியை மேலே தள்ளுகின்றன. புகை அந்த இழைகளையும் கெடுக்கிறது, சளியையும் பெருக்குகிறது. கூட்டுகிறவர் வராத தெருவில் குப்பையும் இரட்டிப்பானால் எப்படியோ, அப்படி.

அப்பாவுக்கு மூச்சு வாங்குவதைவிடப் பெரிய துன்பம் வெட்கம்தான். பேருந்தில் இருமினால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போய்விடுவார். அதனால் கல்யாணம், காதுகுத்து என்று எதற்கும் போவதை விட்டுவிட்டார்.

நான் புதிதாகப் படித்து வந்த கை. அவரைக் கட்டிலில் படுக்க வைத்து, இடுப்புக்குக் கீழே தலையணை அடுக்கி, தலையைத் தாழ்த்தி, கையைக் குவித்து முதுகில் தட்டுவேன். காலை 20 நிமிடம், மாலை 20 நிமிடம். "போதும்மா, மூச்சு முட்டுது" என்பார். "கொஞ்சம் பொறுத்துக்கோங்கப்பா" என்பேன். இரண்டு வருடம் பொறுத்துக்கொண்டார். நான் ஊருக்குப் போனால் அவருக்கு நிம்மதியாக இருந்ததாம். அம்மா பிற்பாடுதான் சொன்னார்கள்.

இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் மாணவர்கள் கேட்க வேண்டும். நான் பாடத்தைப் பார்த்தேன், அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. மூச்சுத் திணறல் உள்ளவரைத் தலை தாழப் படுக்க வைத்தால் திணறல் கூடலாம்.

தட்டுவதால் பயன் உண்டா என்று இங்கிலாந்தில் சோதித்தார்கள். நுரையீரல் அடைப்பு நோய் முற்றி மருத்துவமனையில் சேர்ந்த 526 பேர். சிலருக்குக் கையால் தட்டுதலும் அதிர்வும் கொடுத்தார்கள், மற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை. 2010-ல் முடிவு வந்தது. ஆறு மாதம் கழித்து இரு சாராரின் வாழ்க்கைத் தரத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்படியானால் வேறு வழிகள் என்ன? மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, சுழற்சி மூச்சுப் பயிற்சி. உட்கார்ந்தபடியே செய்யலாம். சற்று நேரம் தோளைத் தளர்த்தி மெதுவாக மூச்சு. பிறகு மூன்று நான்கு ஆழ்ந்த மூச்சு. மறுபடி மெதுவான மூச்சு. அதன்பின் வாயைத் திறந்து "ஹா" என்று ஓர் ஊதல். மூக்குக் கண்ணாடியைத் துடைக்கும்முன் ஊதுவோமே, அதே மாதிரி, சற்று வேகமாக. இருமலில் தொண்டை மூடித் திறக்கும். இதில் திறந்தே இருக்கும். அதனால் களைப்பு குறைவு.

இரண்டாவது, பெல்ஜியத்தில் உருவான முறை. குறைந்த மூச்சில் தொடங்கி, நடுத்தர மூச்சு, ஆழ்ந்த மூச்சு என்று படிப்படியாக ஏறிச் சளியை நகர்த்துவது. நல்ல முறைதான், ஆனால் பழகப் பொறுமை வேண்டும்.

மூன்றாவது, எதிர் அழுத்தத்தில் ஊதுவது. அதற்கு ஃப்ளட்டர், அகாபெல்லா என்று கைக்கருவிகள் உள்ளன. வாங்க முடியாதவர்களுக்கு, ஒரு பாட்டிலில் சுமார் 10 சென்டிமீட்டர் தண்ணீர், அகலமான குழாய் ஒன்று. அதன் வழியே குமிழி வர ஊதுவது. குழாய் வழியே உறிஞ்சக் கூடாது. பாட்டிலின் வாயை அடைக்கக் கூடாது. தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும்.

எது உயர்ந்தது? 2012-ல் 28 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இம்முறைகள் பொதுவாகப் பாதுகாப்பானவை, பலன் உண்டு, ஆனால் சிறிய பலன் என்பதே முடிவு. நோய் முற்றிய நேரத்தில் எதிர் அழுத்த முறைக்குச் சற்றுக் கூடுதல் பலன் தெரிந்தது. ஆகவே என் பதில்: நோயாளி யாருடைய கையையும் எதிர்பார்க்காமல், தினமும் தானே செய்யக்கூடியது எதுவோ அதுவே அவருக்கு உயர்ந்தது.

அப்பா ஊதலைத் தேர்ந்தெடுத்தார். தினமும் காலையில் திண்ணையில் உட்கார்ந்து "ஹா" என்பார். "பெரியவர் கண்ணாடி தொடைக்க ஆரம்பிச்சிட்டாரு" என்று தெருவே சிரிக்கும். நோய் போய்விடவில்லை, போகவும் போகாது. ஆனால் காலையிலேயே சளியை எடுத்துவிட்டால் பகலில் இருமல் குறைந்தது. பீடியையும் விட்டார். அடுத்த தை மாதம், பேரன் காதுகுத்துக்குத் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குத் தனியாகப் பேருந்தில் வந்து இறங்கினார். "யாரும் எழுந்து போகலம்மா" என்றார். அவர் இன்று இல்லை. அந்த ஒரு சொல் போதும் எனக்கு.

ஒரு எச்சரிக்கை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? முதலில் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்யுங்கள். சளியில் ரத்தம் வந்தால் தட்டவும் வேண்டாம், ஊதவும் வேண்டாம். உடனே மருத்துவரைப் பாருங்கள். முண்டியம்பாக்கத்தில் 2010-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சாப்பிட்டவுடன் எந்தப் பயிற்சியும் கூடாது. பயிற்சியில் தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் எந்தத் தொழிலுக்குப் போனாலும், "போதும்மா" என்று ஒருவர் சொன்னால் கையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். பாடப்புத்தகத்தில் இல்லாத பக்கம் அது.