மாத்திரைப் பையோடு வாருங்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் வேலையைப் பற்றி கால் மணி நேரம் பேசு" என்று செயலாளர் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது. நம் செட்டில் கலெக்டர் அலுவலகத்தில் இருப்பவர்கள் உண்டு, தோல் கம்பெனி நடத்துபவர்கள் உண்டு, துபாயில் இருப்பவர்கள் உண்டு. நானோ ஜன்னலுக்குப் பின்னால் நின்று மாத்திரை எடுத்துக் கொடுப்பவன். இங்கே வேதியியல் முடித்துவிட்டு, பிறகு மருந்தாளுநர் படிப்பு படித்தேன். இப்போது முன்னாள் ராணுவத்தினருக்கான பாலிகிளினிக் ஒன்றில் பணிபுரிகிறேன். அந்த ஜன்னலில் நான் கற்றுக்கொண்டதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நம் பக்கத்து மண்ணுக்கும் ராணுவத்துக்கும் உள்ள உறவை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1806 ஜூலை 10-ல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த கதையைப் பள்ளியிலேயே படித்தோம். அதற்கும் முன்னால், 1781-ல், நம் சோளிங்கர் அருகிலேயே ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் போர் நடந்தது. இன்றைக்கும் வேலூரை அடுத்த கம்மவான்பேட்டை, வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போன ஊர் என்று பெயர் பெற்றிருக்கிறது. சோளிங்கர், வாலாஜா, ஆற்காடு, குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களிலும் பெட்டியில் பழைய யூனிபாரம் வைத்திருக்கும் பெரியவர்கள் நிறைய.

இவர்களுக்காக 2003 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு ஒரு திட்டத்தை நடத்தி வருகிறது. இ.சி.எச்.எஸ். என்று சொல்வார்கள்; முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டம். பென்ஷன் வாங்கும் படைவீரர் தன் ரேங்குக்கு ஏற்ப ஒரே ஒரு முறை பணம் கட்டிச் சேர்ந்தால், அவருக்கும் அவரைச் சார்ந்த குடும்பத்தாருக்கும் ஆயுள் முழுக்க வைத்தியம் உண்டு. நாடு முழுக்க 400-க்கும் மேற்பட்ட பாலிகிளினிக்குகள் இயங்குகின்றன. டாக்டர் பார்ப்பார், ரத்தம் எடுப்பார்கள், பெரிய நோய் என்றால் பட்டியலில் உள்ள மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். கடைசியில் எல்லோரும் வந்து நிற்பது மருந்து ஜன்னலில். அதாவது, என்னிடம்.

காலை எட்டு மணிக்கே வரிசை நிற்கும். பழக்கதோஷம், லைன் மட்டும் நேராக இருக்கும்! பாதிப் பேருக்கு எழுபது வயதுக்கு மேல். சர்க்கரை, பிரஷர், முழங்கால் வலி, சிலருக்கு இருதயம். ஒருவருக்கு ஆறு மாத்திரை, எட்டு மாத்திரை என்பது சர்வ சாதாரணம். சீட்டைப் பார், எடு, எண்ணு, கொடு, கையெழுத்து வாங்கு, அடுத்தவர். பல வருஷம் நானும் இப்படித்தான் வேலை பார்த்தேன். ஒரு கார்த்திகை மாதம் அதை மாற்றியது.

நம் ஊர் பெரிய மலைக்கு 1,305 படிகள். 2024-ல் ரோப் கார் வந்துவிட்டது. நான் சொல்வது அதற்கு முந்தைய கதை. ஓய்வுபெற்ற நாயக் ஒருவர், எழுபதைத் தாண்டியவர், வருஷா வருஷம் கார்த்திகை ஞாயிற்றுக்கிழமை விரதம் இருந்து படியேறி யோக நரசிம்மரைச் சேவிப்பவர். அந்த வருஷமும் ஏறினார். பாதி மலையில் உட்கார்ந்துவிட்டார். சட்டை பிழிகிற மாதிரி வியர்வை, கை நடுக்கம், பேச்சு குழறல். கூட வந்தவர்கள் மாரடைப்பு என்று நினைத்துவிட்டார்கள். பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள், "சர்க்கரைக்காரரா?" என்று கேட்டுவிட்டு, கையிலிருந்த கல்கண்டைக் கரைத்து வாயில் ஊற்றியிருக்கிறார். முழுங்க முடிகிற நிலையில் இருந்ததால் பிழைத்தார். டோலியில் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குளுக்கோஸ் ஏற்றித் தெளிந்த பிறகும் இரண்டு மணி நேரத்தில் மறுபடியும் சர்க்கரை இறங்கியது. ஒரு நாள் முழுக்க வைத்திருந்து பார்க்க வேண்டியதாயிற்று.

காரணம் என்ன தெரியுமா? அவர் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர். போன மாதம் நாங்கள் கொடுத்தது ஒரு கம்பெனி, இந்த மாதம் கொடுத்தது வேறு கம்பெனி. மருந்து அதேதான்; அட்டையும் நிறமும் வேறு. "டாக்டர் புதுசா ஒண்ணு சேர்த்திருக்காரு போல" என்று நினைத்து, மிச்சமிருந்த பழையதையும் சேர்த்துப் போட்டிருக்கிறார். அது போதாதென்று, அவசரத்துக்கு உள்ளூரில் ஒரு டாக்டரிடம் காட்டியபோது அவர் எழுதிக் கொடுத்த மாத்திரையும் அதே வகை. ஆக, ஒரே மருந்து மூன்று பெயரில் உள்ளே போயிருக்கிறது. மேலே விரதம். அதற்கு மேலே 1,305 படி. இந்த வகை மாத்திரை வயிறு காலியாக இருந்தாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லிக்கொண்டேதான் இருக்கும். அதனால்தான் தெளிந்த பிறகும் சர்க்கரை மறுபடி இறங்கியது.

அந்த அட்டையை எடுத்துக் கொடுத்தவன் நான். "காலையில ஒண்ணு, சாப்பாட்டுக்கு முன்னாடி" என்று சரியாகத்தான் சொன்னேன். "பழசு மிச்சம் இருக்கா? வேற எங்கயாவது மருந்து வாங்குறீங்களா?" என்று கேட்கவில்லை. கேட்க அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

பத்து நாள் கழித்து அவரே வந்தார். கையில் ஒரு மஞ்சப்பை. மேஜை மேல் கொட்டினார். இருபது அட்டைக்கு மேல் இருக்கும். "இன்னா தம்பி, எது போடணும் எது போடக்கூடாதுன்னு நீயே பிரிச்சுக் குடுத்துடு. பட்டாளத்துல துப்பாக்கியைக் கண்ணைக் கட்டினு பிரிச்சு மாட்டுவேன். இத ஒண்ணும் புரியல" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு அவரோடு உட்கார்ந்து பிரித்தேன். பாதிக்கு மேல் தேவையில்லாதது, அல்லது தேதி முடிந்தது.

அன்றிலிருந்து ஜன்னலில் ஒரு அட்டை எழுதி மாட்டினேன்: "அடுத்த முறை வரும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் பையோடு கொண்டு வரவும்." கடை மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம், மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய சத்து மாத்திரை எல்லாம் சேர்த்துத்தான்.

அந்தப் பைகள் எனக்குச் சொன்ன செய்திகள் ஒன்றிரண்டு சொல்கிறேன்.

ராணிப்பேட்டை பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் நைட் வாட்ச்மேனாக இருந்தார் ஒரு ஹவில்தார். நம் பகுதியில் பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் பலருக்கும் அடுத்த உத்தியோகம் அதுதானே! அவருக்கு இருதய பலவீனம்; கால் வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை. சீட்டில் "காலை 1" என்று இருந்தது. அவர் காலை எட்டு மணிக்கு ட்யூட்டி முடித்து வந்து, மாத்திரை போட்டுப் படுத்தால், அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து ஓட வேண்டும். தூக்கமே இல்லை. நிறுத்திவிட்டார். கால் வீங்கி மூச்சு வாங்க ஆரம்பித்தது. பையில் அட்டை அப்படியே இருந்ததைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது. டாக்டரிடம் சொன்னேன். "மத்தியானம் தூங்கி எழுந்ததும் போடட்டும்" என்று மாற்றினார். வீக்கம் வடிந்தது. சீட்டில் எழுதுகிற "காலை" எல்லோருக்கும் காலை அல்ல என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இன்னொருவர் பிரஷருக்கு எனலாப்ரில், கூடவே நீர் மாத்திரை. முழங்கால் வலிக்குக் கடையில் டைக்ளோஃபினாக் வாங்கி மாதக்கணக்கில் போட்டிருந்தார். இந்த மூன்றும் சேர்ந்தால், அதுவும் வயதானவர்களுக்கு, சிறுநீரகம் திடீரென்று பழுதாகும் ஆபத்து உண்டு. ரத்தப் பரிசோதனை செய்தபோது கிரியேட்டினின் ஏறியிருந்தது. வலி மாத்திரையை நிறுத்தினார் டாக்டர், மெல்ல இறங்கியது.

இன்சுலின் கெட்டுப்போகக் கூடாது என்று ஃப்ரீசரில் வைத்து உறைய விட்ட அம்மாள் ஒருவர் இருந்தார். உறைந்த இன்சுலின் வேலைக்கு ஆகாது, கொட்டிவிட வேண்டியதுதான். நம் ஊர் வெயிலில் ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில், தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்த மண்பானைக்குள் இன்சுலினைப் பத்திரப்படுத்தலாம் என்று சொல்லிக் கொடுத்தேன். கேண்டீன் சரக்கைப் பற்றியும் கேட்டுவிடுவேன். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றில் ரம் குடித்தாலும் சர்க்கரை இறங்கும். "தம்பி, வீட்டுக்காரம்மா முன்னாடி கேக்காதய்யா" என்பார்கள்!

இந்த வேலைக்கு வெளிநாட்டில் ஒரு பெயர் உண்டு: கிளினிக்கல் ஃபார்மசிஸ்ட். 1990-ல் ஹெப்ளர், ஸ்ட்ராண்ட் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள், மருந்தைக் கொடுப்பதோடு மருந்தாளுநரின் பொறுப்பு முடிவதில்லை, அந்த மருந்தால் நோயாளிக்கு என்ன நேர்கிறது என்பதும் அவர் பொறுப்பே என்று எழுதினார்கள். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் நலத்துறை மருத்துவமனைகளில், 1990-களிலிருந்தே தகுதிபெற்ற மருந்தாளுநர்கள் டாக்டர் குழுவோடு உட்கார்ந்து, தங்களுக்கு வகுத்துக் கொடுத்த வரம்புக்குள் சர்க்கரை, பிரஷர், ரத்த உறைவு மருந்துகளின் அளவைத் தாங்களே கூட்டிக் குறைக்கிறார்கள், பரிசோதனை எழுதுகிறார்கள்.

நமக்கு அந்த அதிகாரம் கிடையாது. அளவை மாற்றுவது டாக்டர்தான். நான் பார்த்ததை அவரிடம் எடுத்துச் சொல்லலாம். ஆரம்பத்தில் ஒரு டாக்டர், "நீங்க மருந்தை எடுத்துக் குடுங்க, போதும்" என்று சொன்னதும் உண்டு. நான் வாதாடவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு துண்டுச் சீட்டில் இரண்டே வரி எழுதி அனுப்பினேன்: "இவர் இன்ன மருந்தும் சாப்பிடுகிறார். தங்கள் பார்வைக்கு." சில மாதம் போனபின், அவரே நோயாளிகளிடம் "முதல்ல பையைக் கொண்டுபோய் ஃபார்மசியில காட்டிட்டு வாங்க" என்று சொல்ல ஆரம்பித்தார்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. 1948-ன் மருந்தியல் சட்டத்திலேயே, பதிவுபெற்ற மருந்தாளுநர்தான் மருந்து வழங்க வேண்டும் என்று இருக்கிறது. 2008-ல் ஆறு வருஷ ஃபார்ம்.டி. படிப்பு வந்தது. 2015-ல் வந்த விதிகள், நோயாளிக்கு ஆலோசனை சொல்வதையும் நம் கடமையாக்கின. மருந்தால் ஏற்படும் பக்கவிளைவைத் தெரிவிக்க 2010 முதல் தேசிய அளவில் ஒரு திட்டமே இருக்கிறது. 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நோயாளியே கூடச் சொல்லலாம். ஆனால் பாலிகிளினிக் வேலை ஒப்பந்த வேலை, சம்பளமும் பெரிதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தத் துறைக்கு வருகிறவர்கள் இரண்டையும் தெரிந்துகொண்டு வாருங்கள்.

இங்கே கூடியிருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நமக்கும் வயதாகிவிட்டது. நம் வீட்டிலும் அப்பா, அம்மா, மாமனார் இருக்கிறார்கள். இன்று வீட்டுக்குப் போனதும் அவர்கள் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். அந்தச் சின்ன எழுத்து இரண்டு அட்டையில் ஒன்றாக இருந்தால், நீங்களாக எதையும் நிறுத்திவிடாமல், உடனே டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டுங்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் விரதம் இருக்கப் போகிறார் என்றால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வியர்த்து நடுங்கினால், நினைவு இருக்கும்போதே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் மறுபடி கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்; ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். தெளிந்துவிட்டாலும் டாக்டரிடம் காட்டாமல் விடாதீர்கள்.

அந்த நாயக் ஐயா அடுத்த கார்த்திகைக்கும் மலை ஏறினார். ஏறுவதற்கு முந்தின வாரம் வந்து, "தம்பி, ஞாயித்துக்கெழம விரதம். மாத்திரைய என்ன பண்றது?" என்று கேட்டார். டாக்டரிடம் அழைத்துப் போனேன். அன்றைக்கு ஒரு நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை காலை வரிசையில் முதல் ஆளாக நின்றார் ஐயா, கையில் பிரசாதத்தோடு.