ஸ்டார்ட்டரைப் பிரித்துக் கோத்தல்: பட்டறைத் தமிழும் பாடநூல் தமிழும்

மொழியைப் பற்றிப் பேச வந்த நாம், எண்ணெய்ப் பிசுக்கேறிய ஓர் இரும்புருளையை மேசைமீது வைத்திருப்பது ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவர்களுக்கும் வியப்பாக இருக்கலாம். இது ஒரு மகிழுந்தின் ஸ்டார்ட்டர். தோட்ட வழக்கில் சொன்னால், காடியின் ஸ்டார்ட்டர். புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்க்கு இது புதிய பொருளன்று. (பெஸ்தாரி ஜெயாவை 2007-க்கு முன் பத்தாங் பெர்ஜுந்தை என்றோம், பெரியவர் நாவில் இன்றும் அப்பெயரே வருகிறது.) மழைக்காலத்தில் செம்பனைக் காட்டுச் சாலையின் சேறும் நீரும் எளிதில் சென்றடையும் இடத்தில் இது இருக்கிறது.

இதைப் பிரித்துக் கோக்கத் தெரிந்த தமிழர் கோல சிலாங்கூரில் பலர் உளர். ஆயினும் அவ்வேலையைத் தமிழில் எழுதித் தருமாறு ஐந்தாம் படிவ மாணவர் ஒருவரிடம் கேட்டால் பேனா நின்றுவிடுகிறது. நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்னும் பாடத்தைத் தமிழில் பயில்கின்றனர். இடைநிலைப் பள்ளியில் பயிற்றுமொழி மாறுகிறது. கருவிகளைத் தொட்டுப் பழகும் வயது தொடங்கும்போது, அவற்றைக் குறித்து எழுதும் தமிழ் நின்றுபோகிறது.

முதலில் பொருளைப் பார்ப்போம். ஸ்டார்ட்டர் வருமுன் எஞ்சினைக் கைப்பிடியால் சுழற்றியே இயக்கினர். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று மணிக்கட்டை முறிக்கும். அமெரிக்கரான சார்ல்ஸ் கெட்டரிங் வகுத்த மின்முறை 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டிகளில் இடம்பெற்றது. அவருடைய நுட்பம் எளியது: இம்மோட்டார் நாள் முழுவதும் ஓட வேண்டுவதில்லை, சில நொடிகள் ஓடினாற் போதும். ஆகவே சிறிய மோட்டார் ஒன்றையே அதன் அளவுக்கு மீறி உழைக்க வைக்கலாம். அதனாற்றான் இன்றும் சாவியைத் தொடர்ந்து திருப்பிப் பிடிக்கலாகாது என்கிறோம், சுருள் வெந்துவிடும்.

தமிழ்நாட்டில் இதனை 'செல்ஃப்' என்பர். 'செல்ஃப் எடுக்கவில்லை' என்று சொல்லாத ஓட்டுநர் அங்கில்லை. 'செல்ஃப் ஸ்டார்ட்டர்' என்னும் தொடரில் அவர்கள் முற்பாதியைக் கொண்டனர். நாம் பிற்பாதியைக் கொண்டோம்.

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஓர் ஒலி கேட்கிறது, எஞ்சின் சுழலவில்லை. உடனே ஸ்டார்ட்டரைக் கழற்றுவது பிழை. முகப்பு விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும். விளக்கு மிகவும் மங்கினால் பேட்டரியையோ அதன் முனைகளில் பூத்த வெண்பச்சைப் படிவையோ முதலில் ஐயுற வேண்டும். விளக்கு மங்காமல் 'டக்' ஒலி மட்டும் கேட்டால் நோய் பெரும்பாலும் இவ்வுருளைக்குள் இருக்கிறது.

கழற்றும்போது பேட்டரியின் எதிர்முனையை முதலில் விடுவிக்க வேண்டும். வண்டியின் உடல் முழுவதும் எதிர்முனையோடு இணைந்தது. நேர்முனையைத் தொட்ட ஸ்பேனர் உடலில் பட்டால் தீப்பொறி பறக்கும். பிறகு உருளையின் மூடிகளுக்குக் குறுக்கே சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுத்துக்கொள்ள வேண்டும். திரும்பக் கோக்கும்போது அக்கோடே வழிகாட்டி. இதை எந்தப் பாடநூலும் எமக்குச் சொல்லவில்லை, பட்டறைக்காரர்தாம் சொன்னார்.

மேலே ஒட்டியிருக்கும் சிறிய உருளை சோலினாய்டு. பாடநூல் இதனை 'வரிச்சுருள்' என்கிறது. அது வடிவத்தைச் சொல்லும் பெயர். இது செய்யும் வேலையோ இரண்டு. ஒரு கவட்டைத் தள்ளிச் சிறு பற்சக்கரத்தை எஞ்சினின் பெரிய பல்வளையத்தோடு சேர்க்கிறது; சேர்ந்தபின் தடித்த செப்பு முனைகளை மூடி மோட்டாருக்கு மின்னைத் திறந்துவிடுகிறது. அம்முனைகள் கருகினால் 'டக்' மட்டும் எஞ்சும்.

பெரிய உருளையைத் திறந்தால் செப்புத் துண்டுகள் வரிசையாய் அமைந்த ஒரு வளையம் தெரிகிறது. ஆங்கிலத்தில் கொமுட்டேட்டர், தமிழில் 'திசைமாற்றி'. இச்சொல்லை நாம் முழுமனத்தோடு ஏற்கிறோம். சுருள் அரைச்சுற்றுச் சுற்றியதும் அதிலோடும் மின்னின் திசையை மாற்றி, சுழற்சி தடைப்படாமற் காப்பது இதுவே. சொல்லைக் கேட்ட மாணவன் வேலையையும் அறிந்துவிடுகிறான்.

திசைமாற்றியின்மீது அழுந்தி நிற்கும் கரிக்கட்டைகளின் கதை வேறு. பாடநூல் அவற்றைத் 'தூரிகை' என்கிறது. தூரிகை என்றால் ஓவியனுடைய கருவி நினைவுக்கு வருகிறது. இங்கே மயிருமில்லை, வண்ணமுமில்லை. தொடக்ககால மின்கருவிகளில் செப்புக் கம்பிகளைக் கட்டாகக் கட்டி வைத்தனர். அதனால் ஆங்கிலத்தில் அப்பெயர் வந்தது. பொருள் மாறிய பின்னும் அங்குப் பெயர் மாறவில்லை. நாமோ மாறாத பெயரை மொழிபெயர்த்தோம். பட்டறைத் தமிழர் 'கார்பன்' என்றார். பொருளைக் கண்ணாற் கண்டு வைத்த பெயர் அது. தூரிகையைக் காட்டிலும் 'கரிக்கட்டை' என்று எழுதுவதே தகும் என்பது எம் துணிபு.

பற்சக்கரத் தொகுதியைப் பட்டறையில் 'பெண்டிக்ஸ்' என்பர். வின்சென்ட் பெண்டிக்ஸ் என்பாரின் பெயர் அது. இன்றைய தொகுதி அவர் வகுத்த அமைப்பினின்று வேறுபட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இதற்குத் தமிழ் தேடி இரவு விழிக்க வேண்டுவதில்லை. ஆனால் இத்தொகுதியைப் பெட்ரோலில் ஊறவைக்கலாகாது. உள்ளிருக்கும் மசகு கரைந்துபோகும். திசைமாற்றியை மெல்லிய மணல்தாளால் துடைக்கலாம். எமரித் தாள் கூடாது, அதன் துகள் செப்புத் துண்டுகளுக்கிடையே மின்னைக் கடத்தக்கூடும். இவ்விரு எச்சரிக்கைகளையும் தமிழில் எழுதிவைத்தால் ஒரு பிள்ளையின் ஒரு மாதச் சம்பளம் தப்பும்.

கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு (1893–1974) பள்ளிப்படிப்பில் நெடுந்தொலைவு சென்றவரல்லர். ரட்ஜ் மோட்டார் சைக்கிள் ஒன்றை விலைக்கு வாங்கி, அக்கக்காகப் பிரித்து, மீண்டும் கோத்துக் கற்றார். அவரும் பாலசுந்தரமும் 1937-இல் இந்தியாவிலேயே மின்மோட்டாரை உருவாக்கினர். கை முதலில் கற்றது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19-ஆம் நூற்றாண்டில் மருத்துவர் சாமுவேல் கிரீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களையும் தமிழாக்கினார். அங்கே சொற்கள் மாணவர் முன்னிலையில் பிறந்தன. நம் சொற்பட்டியல்கள் பல, பொருளைத் தொடாதவர் மேசையில் பிறக்கின்றன.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறோம். அடுத்த பள்ளி விடுமுறையில் மாணவரை ஊர்ப் பட்டறைக்கு அனுப்புங்கள். பட்டறைக்காரர் சொல்லும் சொல்லை அவர் சொன்னவாறே எழுதிவரட்டும். 'போமென்' என்பதையும் எழுதட்டும். மேற்பார்வையாளரைக் குறித்த 'ஃபோர்மேன்' நம் நாட்டு மலாய்ப் பேச்சில் பழுதுபார்ப்பவரைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. திருத்துவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஸ்டார்ட்டரின் கரிக்கட்டைகள் தேய்ந்துவிட்டன. புதியவை இச்சிறு பொட்டலத்தில் உள்ளன. ஸ்பேனரும் சுண்ணக்கட்டியும் இங்கே இருக்கின்றன. முன்வரிசையிலிருந்து இருவர் வரலாம். ஒருவர் பிரிக்கட்டும், ஒருவர் எழுதட்டும்.