ஒரே நாளில் அண்டார்டிகா போய் வந்தேன்

(நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"சார், நீங்க அண்டார்டிகா போய் வந்தீங்களாமே, ஒரு பத்து நிமிஷம் பேசுங்க" என்று செயலாளர் கேட்டார். முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் அண்டார்டிகாவில் கால் வைக்கவில்லை. பென்குவின் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. காலையில் மெல்போர்னில் விமானம் ஏறினேன், மேலே பறந்தபடியே பார்த்தேன், ராத்திரி பையன் வீட்டுக்குத் திரும்பி வந்து ரசம் சாதம் சாப்பிட்டேன். அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியாவிலிருந்து இப்படி ஒரு சுற்றுலா விமானம் 1994 முதல் ஓடுகிறது. அங்கே கோடைக்காலமான நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான். எங்கும் இறங்காது. போக நாலு மணி நேரம், பனிக்கு மேலே சுமார் நாலு மணி நேரம், திரும்ப நாலு மணி நேரம். வேறு நாட்டில் இறங்காததால் இது உள்நாட்டு விமானம்தான். பாஸ்போர்ட்டில் முத்திரை கிடையாது. பேரனிடம் காட்ட ஒரு முத்திரைகூட இல்லையே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

டிக்கெட் பையன் எடுத்தது. என் ரிட்டையர்மென்டுக்கு அவன் வர முடியவில்லை, அதற்குப் பதிலாக இது. என் சம்சாரத்துக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. "இந்த வயசுல தேவையா? கீழ விழுந்தா தேடக்கூட ஆள் வராது" என்றாள். அவள் சும்மா சொல்லவில்லை. 1979-இல் நியூசிலாந்திலிருந்து போன இதே மாதிரி சுற்றுலா விமானம் ஒன்று மலையில் மோதி அத்தனை பேரும் இறந்துபோனதை யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அதைக் கேட்டதும் எனக்கும் தூக்கம் போய்விட்டது. ஒரு வாரம் உட்கார்ந்து அந்த விபத்தைப் பற்றிப் படித்தேன். முப்பத்தைந்து வருஷம் லெட்ஜர் பார்த்தவன் அல்லவா, எங்கே கணக்கு இடித்தது என்று தெரியாமல் விட மனசு வரவில்லை. அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

ஏர் நியூசிலாந்து நிறுவனம் 1977 பிப்ரவரியில் இந்த விமானங்களைத் தொடங்கியது. ஆக்லாந்தில் காலையில் கிளம்பி, அண்டார்டிகாவைச் சுற்றிக்காட்டி, திரும்பும்போது கிறைஸ்ட்சர்ச்சில் எரிபொருள் போட்டுக்கொண்டு, ராத்திரி வீடு வந்துவிடலாம். 1979 நவம்பரில் டிக்கெட் 359 நியூசிலாந்து டாலர். விமானத்துக்குள் ஒரு வழிகாட்டியும் இருப்பார். எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரியே முன்பு அப்படிப் போயிருக்கிறார். நவம்பர் 28 அன்று அவருக்கு வேறு வேலை இருந்ததால், அவருடைய நண்பரும் மலையேறுபவருமான பீட்டர் மல்கிரூ போனார். பயணிகள் 237 பேர், ஊழியர்கள் 20 பேர். மத்தியானம் ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் விமானம் எரபஸ் எரிமலையின் சரிவில் மோதியது. 257 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

எரபஸ் 3,794 மீட்டர் உயரம். அவ்வளவு பெரிய மலை எப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் போகும்? விஷயம் ஒரு எண்ணில் இருக்கிறது.

1978-இல் அந்த நிறுவனம் பாதை விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது. கடைசிப் புள்ளியின் தீர்க்கரேகையை 166 டிகிரி 48 நிமிடம் என்று போடுவதற்குப் பதிலாக 164 டிகிரி 48 நிமிடம் என்று போட்டுவிட்டார்கள். 6 இருக்க வேண்டிய இடத்தில் 4. அதனால் மலைக்கு மேலே போக வேண்டிய பாதை, மேற்கே தள்ளி மக்மர்டோ கடற்பகுதி வழியாகப் போனது. அங்கே மலை கிடையாது, கடலும் தட்டையான பனியும்தான். ஒரு வருஷத்துக்கு மேலாக அதுவே கம்ப்யூட்டரில் இருந்தது. தவறான எண்தான், ஆனால் ஆபத்தில்லாத பாதை.

கேப்டன் ஜிம் காலின்ஸ் அண்டார்டிகாவுக்கு அதற்கு முன் போனதில்லை. கிளம்புவதற்கு 19 நாள் முன்பு நடந்த விளக்கக் கூட்டத்தில் அவருக்குக் காட்டப்பட்டது அந்தப் பழைய எண் உள்ள தாள்தான். முந்தின நாள் ராத்திரி வீட்டில் அட்லஸை விரித்து வைத்து, அந்தப் பாதையைக் குறித்துப் பார்த்திருக்கிறார். மனுஷர் அவ்வளவு பொறுப்பானவர்.

அதே ராத்திரி அலுவலகத்தில் எண்ணைத் திருத்திவிட்டார்கள். ஏதோ 2 மைல் வித்தியாசம் என்று நினைத்துத்தான் திருத்தினார்கள். உண்மையில் 27 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 50 கிலோமீட்டர். பாதை நேராக எரபஸ் மேல் போய் விழுந்தது. கேப்டனிடம் யாரும் சொல்லவில்லை. காலையில் கொடுத்த தாளில் இருந்த எண்களை அவர்கள் அப்படியே விமானத்தின் கருவியில் ஏற்றினார்கள்.

பயணிகள் நன்றாகப் பார்ப்பதற்காக விமானம் 1,500 அடி வரை கீழே இறங்கியது. மேகத்துக்கு அடியில், தெளிவான காற்றில்தான் பறந்தார்கள். ஆனால் மேலே வெள்ளை மேகம், கீழே வெள்ளைப் பனி. நிழல் இல்லாத வெளிச்சம். எதிரே ஏறிக்கொண்டு போகும் சரிவு, தூரத்தில் தட்டையாகக் கிடக்கும் பனி மாதிரிதான் கண்ணுக்குத் தெரியும். எச்சரிக்கைக் கருவி சத்தம் போட்டபோது மிச்சம் இருந்தது ஆறு விநாடி.

1980-இல் வந்த முதல் அறிக்கை விமானியின் தவறு என்றது. குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே இறங்கியது ஏன் என்பது அவர்கள் கேள்வி. அதுவும் நியாயமான கேள்விதான். ஆனால் 1981-இல் நீதிபதி பீட்டர் மாஹன் தலைமையிலான விசாரணை, எண்ணை மாற்றிவிட்டு விமானிகளிடம் சொல்லாமல் விட்டதுதான் முக்கியக் காரணம் என்றது. நிறுவனத்தின் நிர்வாகிகளைப் பற்றி அவர் கடுமையாக எழுதியதை மேல் நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. யார் மேல் குற்றம் என்ற வாதம் இன்றும் அந்த நாட்டில் ஓயவில்லை. நாற்பது வருஷம் கழித்து, 2019-இல், பிரதமர் ஜெசிந்தா ஆர்டர்ன் அரசாங்கத்தின் சார்பில் அந்தக் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

இதையெல்லாம் படித்து முடித்ததும் எனக்கு 1989 ஞாபகம் வந்தது.

அப்போது நான் ஒரு சின்ன ஊர்க் கிளையில் பென்ஷன் சீட்டில் இருந்தேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர். தனிக்கணக்கு ஒன்று, மனைவியோடு சேர்ந்து ஜாயிண்ட் கணக்கு ஒன்று. பென்ஷனை ஜாயிண்ட் கணக்கில் வரவு வைக்கக் கூடாது என்பது அன்றைய விதி. ஆனால் யாரோ ஆரம்பத்தில் நம்பரை மாற்றி எழுதியதால், இரண்டு வருஷமாக ஜாயிண்ட் கணக்கிலேயே பணம் விழுந்துகொண்டிருந்தது. நான் கண்டுபிடித்தேன். அந்த மாதமே சரியான கணக்குக்கு மாற்றினேன். ஓரத்தில் இனிஷியல் போட்டேன். ஆடிட்டில் மாட்டாமல் காப்பாற்றினேன் என்று எனக்கு ஒரே பெருமை.

அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அவர் வழக்கம்போல ஜாயிண்ட் கணக்குச் செக் புத்தகத்தில் பேத்தியின் காலேஜ் ஃபீஸுக்குச் செக் எழுதிக் கொடுத்தார். பணம் இல்லை என்று திரும்பியது. அடுத்த நாள் கவுண்டருக்கு வந்து, "நான் என்ன தப்பு பண்ணினேன் தம்பி?" என்று கேட்டார். பக்கத்தில் நாலு பேர் நின்றார்கள். நான் கணக்கை எடுத்துக் காட்டி விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க திருத்தினது சரிதான். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். ஃபீஸுக்கு அபராதம் கட்ட வேண்டியிருந்தது. அதை நான் கொடுக்கப் போனேன். அவர் வாங்கவில்லை.

என் விஷயத்தில் போனது ஒருவருடைய மரியாதை. அங்கே போனது 257 உயிர். இரண்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். ஆனால் செய்த வேலை ஒன்றுதான். தவறான எண்ணையும் ஒருவர் நம்பி நடந்துகொண்டிருப்பார். அதைத் திருத்துவது பாதி வேலை. அவரிடம் போய்ச் சொல்வது மீதி வேலை.

சரி, கடைசியில் போனேனா? போனேன். இப்போதைய விமானங்கள் 10,000 அடிக்குக் கீழே இறங்குவதில்லை என்று சம்சாரத்துக்குப் படித்துக் காட்டினேன். அவள் பாதி மனசோடு விட்டாள்.

இரண்டு போர்டிங் பாஸ் கொடுக்கிறார்கள். பாதி வழியில் இடம் மாறிக்கொள்ள வேண்டும், ஜன்னல் பலருக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்காக. நம் ஊர் பஸ்ஸில் இதைக் கொண்டுவந்தால் தலை உருண்டுவிடும். அங்கே வேலை பார்த்த அனுபவசாலி ஒருவர் மைக்கில் விளக்கிக்கொண்டே வந்தார். முதலில் கடலில் வெள்ளைத் துண்டுகள், பிறகு உடைந்த கண்ணாடி மாதிரி கடல் முழுக்கப் பனி, பிறகு மலைகள். மனிதன் போட்ட ஒரு கோடு, ஒரு ரோடு, ஒரு கம்பம் எதுவும் இல்லை. விமானம் எட்டு போட்டுத் திரும்பித் திரும்பிக் காட்டியது.

நடுவில் ஒரு பத்து நிமிடம் மேகம் சூழ்ந்தது. ஜன்னலில் வெறும் வெள்ளை. எது மேகம், எது பனி என்று எனக்குத் தெரியவில்லை. எரபஸ் எங்கள் பாதையில் இல்லை. ஆனாலும் அந்தப் பத்து நிமிடம் நான் அந்தக் கேப்டனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு மூன்று விஷயம். டிக்கெட் எடுக்கும்போது எந்த வரிசைக்கு எவ்வளவு நேரம் ஜன்னல் என்று கேட்டு எடுங்கள், நடு வரிசை மலிவு ஆனால் எட்டித்தான் பார்க்கணும். பனியின் வெளிச்சம் கண்ணைக் கூசும், கறுப்புக் கண்ணாடி எடுத்துப் போங்கள். பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் கால் வீங்கும், அவ்வப்போது எழுந்து நடங்கள்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் மோட்டார் ரூமில் எந்த வால்வு எந்த பிளாக்குக்கு என்று எழுதியிருக்கும் போர்டு தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். வாட்ச்மேன் அந்தத் தப்பைப் பழகிக்கொண்டு சரியாகத் திறக்கிறார். இந்த மாதம் பிளம்பரை விட்டுப் போர்டைத் திருத்தப் போவதாகச் சொன்னார்கள். நல்லது. ஆனால் திருத்தும்போது பகல், ராத்திரி இரண்டு வாட்ச்மேன்களையும் பக்கத்தில் நிறுத்திக் காட்டி, நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மூன்று ரூபாய் பேனா போதும்.