பென்சிலுக்கு முன் விரல் எழுதட்டும்



நான் ஆசிரியை அல்ல. தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்து, தொலைக்காட்சியில் நிகழ்ச்சி படைப்பவள். பூச்சோங்கில் குடியிருப்பதால், பாலர் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர்களோடு அடிக்கடி பேச வாய்ப்புக் கிடைக்கிறது. பலர் கேட்பது ஒரே கேள்விதான்: "ஆங்கிலத்தில் 26 எழுத்து, தமிழில் 247. இந்தச் சின்னப் பிள்ளை எப்படித் தாங்கும்?"

இதைச் சாதாரணக் கேள்வியாக எண்ணிவிடாதீர்கள். பூச்சோங் தமிழ்ப்பள்ளி, காசல்பீல்டு தமிழ்ப்பள்ளி என்று நம் வட்டாரத்திலேயே தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆனால், முதலாம் ஆண்டில் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று முடிவெடுக்கும் நேரத்தில், இந்த 247 என்ற எண்ணே சில வீடுகளில் பயமுறுத்துகிறது.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மீதமுள்ள 216-ம் உயிர்மெய். அவை தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியவை அல்ல. 'ப' தெரிந்த பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு கால் போட்டுக் காட்டினால் 'பா' வந்துவிடும். அதே காலை 'ம' பக்கத்தில் வைத்தால் 'மா'. உகர, ஊகார வரிசைகளில்தான் வடிவம் எழுத்துக்கு எழுத்து மாறும். அதைப் பிறகு நிதானமாகப் பழகிக்கொள்ளலாம்.

இன்னொரு வசதியும் நமக்கு உண்டு. தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் பெரும்பாலும் ஒன்றுதான். 'ப', 'ட', 'ம்' என்று சேர்த்துச் சொன்னாலே 'படம்' காதில் விழுகிறது. ஆங்கிலத்தில் 'சி, ஏ, டி' என்று எத்தனை முறை சொன்னாலும் பூனை வராது!

அப்படியானால் சிக்கல் எங்கே? மூன்று, நான்கு வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைக் கொடுத்து, எடுத்த எடுப்பிலேயே 'அ' எழுதச் சொல்கிறோம். சுழியும் வளைவும் நிறைந்த எழுத்து அது. நம் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உள்ளன. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகத்தான் இருக்கும். முழு எலும்பாக இறுகப் பல ஆண்டுகள் ஆகும். விரல்களின் பிடியும் மெல்ல மெல்லத்தான் வலுப்படும். பிள்ளை எழுத மறுத்தால் அதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். கை இன்னும் தயாராகவில்லை, அவ்வளவுதான்.

நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகளை முதலில் மணலில்தான் எழுத வைத்தார்கள். 1789-ஆம் ஆண்டில் மெட்ராஸ் எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்துப் பள்ளியின் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். உள்ளூர்ப் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்து, தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். அந்த அனுபவத்தை 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். அவருடைய கற்பித்தல் முறை 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

1907-இல் ரோம் நகரில் குழந்தைகள் இல்லம் தொடங்கிய டாக்டர் மரியா மாண்டிசோரியும், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகளின் விரலால் தடவச் செய்தார். அவர் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார் என்பது தமிழர்களாகிய நமக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

இனி, நம் வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில், எளிய வடிவத்தில் தொடங்குங்கள். இரண்டு ஐஸ்கிரீம் குச்சிகளை வைத்தால் 'ட'. மூன்று வைத்தால் 'ப'. 'ம'-வுக்குக் கம்பளி நூலை வளைத்து வையுங்கள். புள்ளிக்கு ஒரு பொத்தான் போதும். இந்த மூன்று எழுத்தும் புள்ளியும் இருந்தால் படம், மடம், பட்டம், மட்டம் என நான்கு சொற்களைப் பிள்ளை படித்துவிடும். "எனக்குப் படிக்கத் தெரியும்" என்ற பெருமை அந்த வயதில் பெரிய சொத்து.

இரண்டாவது, ஒரு தட்டில் அரிசி மாவைப் பரப்பி, விரலால் எழுத விடுங்கள். பிழையானால் தட்டை ஆட்டினால் போதும், அழிந்துவிடும். அழிப்பானும் வேண்டாம், அழுகையும் வேண்டாம். தீபாவளிக்கு முறுக்கு மாவு பிசையும்போது ஓர் உருண்டையைப் பிள்ளையிடம் கொடுங்கள். மாவை உருட்டுவது, நீட்டுவது, வளைப்பது எல்லாமே விரலுக்கு நல்ல பயிற்சி.

மூன்றாவது, காலையும் கொம்பையும் தனித்தனி அட்டைகளில் வெட்டிக் கொள்ளுங்கள். 'க'-வுக்கு முன்னால் கொம்பு வந்தால் 'கெ'. பின்னால் காலும் சேர்ந்தால் 'கொ'. இரண்டு நண்பர்கள் நடுவில் 'க' நிற்கிறது என்று கதையாகச் சொல்லுங்கள்.

நான்காவது, வெளியே போனால் பெயர்ப்பலகை பெரும்பாலும் ரோமன் எழுத்தில்தான் இருக்கிறது. ஆகவே, வீட்டுக்கு வரும் தமிழ் நாளிதழைப் பயன்படுத்துங்கள். படித்து முடித்ததும் பெரிய தலைப்புகளில் 'ம' எங்கே இருக்கிறது என்று பிள்ளையைத் தேடி வட்டமிடச் சொல்லுங்கள்.

ஒரு முன்னெச்சரிக்கை. பொத்தான், பயறு போன்ற சிறு பொருள்களைப் பிள்ளை வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளக்கூடும். பெரியவர் ஒருவர் கண்டிப்பாக அருகில் இருக்க வேண்டும்.

திரையில் வேலை செய்யும் நானே சொல்கிறேன்: கைப்பேசியில் எழுத்துப் பாட்டு ஓடலாம், தவறில்லை. ஆனால், கண்ணாடித் திரையில் எல்லா எழுத்தும் ஒரே வழுவழுப்புத்தான். மாவின் நெகிழ்வும் மணலின் சொரசொரப்பும் அதில் கிடைக்காது, பக்கத்தில் உட்கார்ந்து "அட, எழுதிட்டியே!" என்று சொல்லும் அம்மாவோ அப்பாவோ தாத்தாவோ அதற்குள் இல்லை.

நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். பிள்ளை "போதும்" என்று சொல்வதற்கு முன்பே விளையாட்டை நிறுத்தினால், மறுநாள் அதுவாகவே தட்டைத் தூக்கிக்கொண்டு வரும். அப்படி வரும் பிள்ளைக்கு 247 என்ற எண் ஒரு பொருட்டே இல்லை.